விதி எங்கே பொய்க்கும்? கோட்பாட்டிடம்தான் கேட்க வேண்டும்

கருதுகோள் சோதனையில் தேறினால் கோட்பாடு ஆகும். கோட்பாடு சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமானால் விதி ஆகும். இப்படி ஒரு படிவரிசை பலர் மனதில் பள்ளிக்காலத்திலேயே பதிந்துவிடுகிறது. பரிணாமத்தைப் பற்றியோ பேரண்டத்தின் தொடக்கத்தைப் பற்றியோ பேச்சு வந்தால், "அது வெறும் கோட்பாடுதானே, இன்னும் விதியாகவில்லையே" என்று சொல்ல இடம் கொடுப்பதும் இதுதான். அறிவியலில் அப்படி ஒரு படிவரிசை கிடையாது. எவ்வளவு சான்று குவிந்தாலும் கோட்பாடு விதியாக மாறாது. இரண்டும் செய்யும் வேலையே வேறு.

விதி, இயற்கையில் திரும்பத் திரும்பக் காணப்படும் ஓர் ஒழுங்கைச் சுருக்கிச் சொல்கிறது. பெரும்பாலும் ஒரே ஒரு சமன்பாடு. இந்த அளவு இவ்வளவு மாறினால் அந்த அளவு எவ்வளவு மாறும் என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. அந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது, எந்தப் பொருள்கள் எந்த விசைகளால் எப்படி இயங்கி அதை உண்டாக்குகின்றன என்று விளக்குவது கோட்பாடு. ஒரு கோட்பாட்டுக்குள் பல விதிகள் அடங்கும். சில விதிகளை அதிலிருந்து கணக்குப் போட்டே வருவிக்கலாம்.

பாடநூல்கள் இந்த அளவுக்குச் சரியாகவே சொல்கின்றன. ஆனால் விதி "என்ன" என்பதையும் கோட்பாடு "ஏன்" என்பதையும் சொல்கிறது என்று நிறுத்திக்கொண்டால் பாதிதான் புரிந்ததாகும். கோட்பாட்டால் வரும் பெரிய பயன் வேறொன்று. விதிக்குத் தன் எல்லை தெரியாது. எந்த எண்ணைப் போட்டாலும் சமன்பாடு ஒரு விடையைக் கொடுத்துவிடும். அந்த விடையை எதுவரை நம்பலாம், எல்லையைத் தாண்டினால் எந்தப் பக்கம், எவ்வளவு பிசகும் என்று எண்ணாகச் சொல்வது கோட்பாடுதான்.

பாயிலின் குழாயில் இருந்தது என்ன?

1662-இல் இராபர்ட் பாயில் வெளியிட்ட அட்டவணையைப் பார்ப்போம். ஒரு கை குட்டையாகவும் மறு கை நெட்டையாகவும் வளைத்த கண்ணாடிக் குழாய். குட்டைக் கையின் நுனி மூடியிருக்கும். அதற்குள் கொஞ்சம் காற்று சிக்கியிருக்கும். நெட்டைக் கை வழியே பாதரசத்தை ஊற்ற ஊற்ற உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். காற்றின் நீளத்தைப் பிரிவுகளாகவும் அழுத்தத்தைப் பாதரச அங்குலமாகவும் அவர் குறித்துக்கொண்டே போனார்.

காற்று 48 பிரிவு இருந்தபோது அழுத்தம் 29.125 அங்குலம். 24 பிரிவாகச் சுருங்கியபோது 58.81. 12 பிரிவானபோது 117.56. மூன்றையும் பெருக்கிப் பார்த்தால் 1398, 1411, 1411. நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்குள் பெருக்குத்தொகை மாறவில்லை. வெப்பநிலை மாறாதவரை அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கினால் வருவது ஒரே எண் என்பதுதான் விதி.

இதைச் செய்து பார்ப்பவர்கள் வழக்கமாகத் தவறும் இடம் ஒன்று உண்டு. முதல் வரியின் 29.125 அங்குலம் முழுவதும் வெளிக்காற்றின் அழுத்தம். அப்போது இரு கைகளிலும் பாதரசம் ஒரே மட்டத்தில் நிற்கிறது. இதைச் சேர்க்க மறந்து, பாதரச மட்டங்களுக்கு இடையிலான உயர வேறுபாட்டை மட்டும் அழுத்தமாக எடுத்துக்கொண்டால் பெருக்குத்தொகைகள் 0, 712, 1061 என்று வரும். ஒழுங்கே தெரியாது. இன்றும் அழுத்தமானி காட்டும் எண்ணை அப்படியே வாயு விதியில் போடுபவர்களுக்கு இதேதான் நடக்கிறது. டயரில் காற்று பார்க்கும் மானி, வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதை மட்டுமே காட்டும்.

இந்த ஒழுங்கு ஏன்? பாயில் காற்றின் துகள்களைச் சிறு சுருள்வில்களைப் போல நினைத்துப் பார்த்தார். நியூட்டன் 1687-இல் கணக்காகவே ஒரு விடை காட்டினார்: அசையாமல் நிற்கும் துகள்கள் பக்கத்துத் துகள்களைத் தொலைவுக்கு எதிர்விகிதமான விசையால் தள்ளினால் பாயிலின் விதி கிடைக்கும். 1738-இல் டேனியல் பெர்னூலி இதற்கு நேர்மாறாகச் சொன்னார். துகள்கள் நிற்பதே இல்லை. எல்லாத் திசையிலும் விரைந்து பறந்து சுவரில் மோதுகின்றன. கன அளவைப் பாதியாக்கினால் அதே சுவர்ப்பரப்பில் நொடிக்கு விழும் மோதல்கள் இரு மடங்காகும். ஆகவே அழுத்தமும் இரு மடங்காகும். இந்த வழியிலும் வருவது அதே பாயில் விதிதான்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒன்றுக்கொன்று ஒத்தே வராத இரு படங்கள், ஒரே விதியைப் பிசகில்லாமல் தருகின்றன. அப்படியானால் பாயில் விதியை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இரண்டில் எது சரி என்று தெரியப்போவதில்லை. விதி சரிபார்க்கப்பட்டது என்பதால் அதை விளக்கும் கோட்பாடும் சரிபார்க்கப்பட்டதாகாது. கோட்பாட்டைத் தேர்ந்தெடுக்க, விதியில் இல்லாத வேறொரு விளைவை அதிலிருந்து வருவித்து, அதை அளந்து பார்க்க வேண்டும்.

மேக்ஸ்வெல் 1860-இல் அதைத்தான் செய்தார். துகள்கள் பறந்து மோதுகின்றன என்ற படத்திலிருந்து வாயுவின் பாகியலை, அதாவது உள்ளே அசையும் பொருளை இழுத்துத் தடுக்கும் தன்மையை, கணக்கிட்டபோது, அது வாயுவின் அடர்த்தியைச் சாராது என்று விடை வந்தது. அவருக்கே அது வியப்பாக இருந்தது. காற்றைப் பாதியாக வெளியேற்றினால் அதனுள் அசையும் தட்டுக்கு இழுவை குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கோட்பாடு சொல்வது வேறு: மூலக்கூறுகள் பாதியாகும்போது ஒவ்வொன்றும் அடுத்த மோதலுக்கு முன் இரு மடங்கு தூரம் போகிறது, ஒன்று குறைந்ததை மற்றொன்று ஈடுகட்டிவிடுகிறது. அவரும் அவர் மனைவி கேத்தரினும் வீட்டிலேயே கருவி அமைத்து, வெவ்வேறு அழுத்தக் காற்றில் அலையும் கண்ணாடித் தட்டுகளின் தணிவை அளந்தார்கள். 1866-இல் வெளிவந்த முடிவு, கணக்குச் சொன்னபடியே இருந்தது. அசையாத் துகள்களின் படத்தில் இந்த விளைவுக்கு இடமே இல்லை.

இதே கணக்கு வெப்பக் கடத்தலுக்கும் பொருந்தும். இரட்டைச் சுவர் வெற்றிடக் குடுவையை டீவார் 1892-இல் செய்தார். அதன் சுவர்களுக்கு இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி. உள்ளிருக்கும் காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். காற்றின் வழியே வெப்பம் கடத்தப்படுவதும் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையுமா? குறையாது. ஏறத்தாழ முன்பு இருந்த அளவிலேயே இருக்கும். சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு இரு மோதல்களுக்கு இடையே சராசரியாகச் செல்வது 0.00007 மில்லிமீட்டர். அழுத்தம் ஆயிரத்தில் ஒன்றானால் அது 0.07 மில்லிமீட்டர், சுவர் இடைவெளியைவிட இன்னும் மிகச் சிறியது. அழுத்தம் பத்து லட்சத்தில் ஒன்றானால் 70 மில்லிமீட்டர். இப்போது மூலக்கூறு வழியில் எதிலும் மோதாமல் சுவரிலிருந்து சுவருக்கே போய்விடுகிறது. வெப்பத்தைச் சுமக்கும் ஆட்கள் குறைந்ததை ஈடுகட்ட இனிமேல் நீட்டுவதற்குத் தூரம் இல்லை. கடத்தல் சரியத் தொடங்குகிறது. வெற்றிடக் குடுவையில் மிகச் சிறிய கசிவு இருந்தாலும் அது உதவாமல் போவதன் காரணம் இதுதான். பாயில் விதியை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் இந்த விவரம் அதிலிருந்து கிடைக்காது.

விதியின் எல்லையை எண்ணாகச் சொல்வது

துகள்கள் பறந்து மோதும் இந்தப் படத்துக்கு வாயுக்களின் இயக்கவியல் கோட்பாடு என்று பெயர். அது தொடங்கும்போதே இரண்டு எளிமையாக்கல்களைச் செய்துகொள்கிறது. மூலக்கூறுகள் இடத்தை அடைப்பதில்லை; அவை ஒன்றையொன்று ஈர்ப்பதும் இல்லை. இரண்டும் உண்மையல்ல. உண்மையல்ல என்று தெரிந்திருப்பதுதான் இங்கே வசதி, ஏனென்றால் விதி எப்போது பொய்க்கும் என்று உடனே ஊகிக்க முடிகிறது. மூலக்கூறுகள் நெருங்கி, அவற்றின் பருமனும் ஈர்ப்பும் பொருட்படுத்த வேண்டிய அளவுக்கு வந்துவிட்டால் விதி தவறும்.

தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869-இல் கார்பன் டை ஆக்சைடைப் பற்றிய தம் அளவீடுகளைச் சொன்னார். சுமார் 31 டிகிரி செல்சியசுக்கு மேலே எவ்வளவு அழுத்தினாலும் அந்த வாயு திரவமாவதில்லை. அதற்குக் கீழே ஆகிவிடுகிறது. பாயில் விதிப்படி எந்த வாயுவும் எப்போதும் திரவமாகக் கூடாது. 1873-இல் வான் டெர் வால்ஸ் தம் ஆய்வேட்டில் அந்த இரு எளிமையாக்கல்களையும் விலக்கினார். மூலக்கூறுகள் அடைக்கும் இடத்துக்கு ஒரு எண், அவற்றின் ஈர்ப்புக்கு ஒரு எண். இந்த இரண்டே எண்கள்தான் கூடுதல்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு, அதாவது ஒரு மோல். 0 டிகிரியில் 22.4 லிட்டர் இடம் கொடுத்தால் அழுத்தம் ஏறக்குறைய 1 வளிமண்டலம். எளிய விதி சரியாகவே வேலை செய்கிறது. அதை 1 லிட்டரில் அடைத்தால் எளிய விதி 22.4 வளிமண்டலம் என்கிறது. வான் டெர் வால்ஸ் சமன்பாடு 19.8 என்கிறது. இப்போது 40 டிகிரியில் 0.1 லிட்டரில் அடைப்போம். எளிய விதியின் விடை 257. வான் டெர் வால்சின் விடை 89. உண்மையில் அளந்தாலும் 90-க்கு அருகில்தான் கிடைக்கும். எளிய விதியை மட்டும் நம்பி உருளை வடிவமைப்பவர் ஏறத்தாழ மூன்று மடங்கு பிசகுகிறார். விதியை இன்னும் கவனமாக அளந்ததால் இந்தத் திருத்தம் வரவில்லை. விதிக்கு அடியில் இருக்கும் படத்தைத் தொட்டதால் வந்தது.

வான் டெர் வால்ஸ் சமன்பாடும் முடிவான சொல் அன்று. திரவமும் வாயுவும் வேறுபாடு இழக்கும் மாறுநிலைப் புள்ளியில் அழுத்தம் எளிய விதி தரும் விடையில் 0.375 பங்காக இருக்க வேண்டும் என்கிறது அது. கார்பன் டை ஆக்சைடில் அளந்தால் 0.274.

வாயு விதியில் செல்சியசைப் போட்டால் ஏன் தவறுகிறது என்பதற்கும் விளக்கம் இங்கேயே இருக்கிறது. மூடிய கலத்தை 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்கினால் அழுத்தம் இரு மடங்காவதில்லை. 293 கெல்வினிலிருந்து 313 கெல்வினுக்குப் போகிறது, ஏறக்குறைய 7 சதவீதம்தான் கூடுகிறது. வெப்பநிலை என்பது மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றலின் அளவு. அந்த ஆற்றல் இரு மடங்காக வேண்டுமானால் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும். பனிக்கட்டி உருகும் புள்ளியிலிருந்து எண்ணக் கூடாது.

கோட்பாடும் இடறும். இதே இயக்கவியல் கோட்பாடு, இரட்டை அணு மூலக்கூறுகள் கொண்ட வாயுவில் இரு தன்வெப்பங்களின் (அழுத்தம் மாறாமல் சூடாக்கும்போது ஒன்று, கன அளவு மாறாமல் சூடாக்கும்போது ஒன்று) விகிதம் 1.33 என்று மேக்ஸ்வெல்லுக்குக் கணக்குச் சொன்னது. காற்றில் அளந்தால் 1.40. இந்த இடைவெளியை அவர் மறைக்கவில்லை. கோட்பாட்டின் பெரிய இடர்ப்பாடு என்றே கருதினார். மூலக்கூறின் சில அசைவுகள் சாதாரண வெப்பநிலையில் உறைந்து கிடக்கின்றன என்று குவாண்டம் கோட்பாடு பின்னர் காட்டும்வரை அது தீரவில்லை.

வியாழனும் எலக்ட்ரானும்

கெப்ளரின் மூன்றாம் விதி 1619-இல் வெளியானது: கோளின் சுற்றுக்காலத்தின் இருமடி, சூரியனிலிருந்து அதன் சராசரித் தொலைவின் மும்மடிக்கு நேர்விகிதம். பூமியின் தொலைவையும் ஆண்டையும் அலகாக வைத்தால் இரண்டு எண்களும் சமமாக வர வேண்டும். செவ்வாயின் தொலைவு 1.5237; மும்மடி 3.5375. சுற்றுக்காலம் 1.8808, இருமடி 3.5374. இதற்கு மேல் என்ன வேண்டும்?

வியாழனைப் பாருங்கள். தொலைவு 5.203, மும்மடி 140.85. சுற்றுக்காலம் 11.862, இருமடி 140.71. சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு இடிக்கிறது. கெப்ளரிடம் இருந்த அளவீடுகளில் இது கண்ணில் படாது. கண்ணில் பட்டிருந்தாலும் விதியைக் கொண்டு இதை விளக்க முடியாது. அளவீட்டுப் பிழை என்று விட்டிருக்க வேண்டியதுதான்.

நியூட்டனின் இயக்கவியலும் ஈர்ப்பும் கெப்ளரின் விதியை வருவித்துக் காட்டுகின்றன. அப்படிக் காட்டும்போதே அதைத் திருத்தவும் செய்கின்றன. கோள் சூரியனைச் சுற்றுவதாகச் சொல்வது முழுச் சரியன்று. இரண்டும் பொதுவான நிறை மையத்தைச் சுற்றுகின்றன. ஆகவே சுற்றுக்காலத்தைத் தீர்மானிப்பது சூரியனின் நிறை மட்டுமன்று, சூரியன், கோள் இரண்டின் நிறைகளின் கூட்டல். வியாழனின் நிறை சூரியனுடையதில் 1047-இல் ஒரு பங்கு. இடிக்கும் அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெரிகிறது. செவ்வாயின் நிறை சூரியனுடையதில் முப்பது லட்சத்தில் ஒரு பங்கு. அங்கே பிசகு கண்ணுக்குத் தெரியாதது அதனால்தான்.

இதே கணக்கு, இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கழித்து, அணுவுக்குள் மறுபடி வந்தது. 1885-இல் யோகான் பால்மர் ஹைட்ரஜன் வெளிவிடும் ஒளியில் தெரியும் நான்கு நிறமாலை வரிகளின் அலைநீளங்களை ஒரே சூத்திரத்தில் அடக்கினார். 364.56 நானோமீட்டரை வரிசையாக 9/5, 16/12, 25/21, 36/32 ஆகியவற்றால் பெருக்கினால் 656.2, 486.1, 434.0, 410.1. வரிகள் இருந்தது அங்கேதான். ஏன் இந்தப் பின்னங்கள், ஏன் 364.56 என்பதற்கு 28 ஆண்டுகள் விடை இல்லை. 1913-இல் நீல்ஸ் போர் எலக்ட்ரானின் மின்னூட்டம், அதன் நிறை, பிளாங்க் மாறிலி ஆகியவற்றைக் கொண்டு பால்மரின் மாறிலியைக் கணக்கிட்டுக் காட்டினார். அதோடு, ஹைட்ரஜனுடையவை என்று அதுவரை நினைத்திருந்த சில வரிகள், ஓர் எலக்ட்ரானை இழந்த ஹீலியத்தினுடையவை என்றும் சொன்னார். அதன் அணுக்கருவுக்கு இரு மடங்கு மின்னூட்டம். ஆகவே வரிகளின் அதிர்வெண்ணைத் தரும் மாறிலி ஹீலியத்தில் ஹைட்ரஜனுடையதைப்போல் சரியாக 4 மடங்கு.

நிறமாலை அளவீட்டில் கைதேர்ந்த ஆல்ஃபிரட் ஃபவுலர் ஒப்பவில்லை. அளந்தால் 4 வரவில்லை, 4.0016 வருகிறது, நிறமாலை அளவீட்டின் துல்லியத்துக்கு இது தள்ளிவிடக்கூடிய வேறுபாடு அன்று என்றார். போரின் பதில் வியாழனின் கதையேதான். அணுக்கருவும் அசையாமல் நிற்பதில்லை. எலக்ட்ரானும் கருவும் பொது மையத்தைச் சுற்றுகின்றன. ஹைட்ரஜன் கரு எலக்ட்ரானைப்போல் 1836 மடங்கு கனமானது. ஹீலியம் கரு சுமார் 7294 மடங்கு. கனமான கரு குறைவாக அசையும். இந்தத் திருத்தத்தைச் சேர்த்தால் விகிதம் 4.0016. ஒரு கோட்பாட்டின்மேல் நம்பிக்கை பிறப்பது இப்படிப்பட்ட இடத்தில்தான்: மூன்றாம் தசம இடத்தில் வந்த எதிர்ப்புக்கு, புதிதாக எதையும் ஒட்டவைக்காமல், தன்னிடம் ஏற்கெனவே இருந்ததைக் கொண்டே பதில் சொல்லிவிடுகிறது.

ஆனாலும் போரின் கோட்பாடு நிலைக்கவில்லை. இரண்டு எலக்ட்ரான் உள்ள சாதாரண ஹீலியத்துக்கே அது சரியான விடை தரவில்லை. 1925-26-இல் குவாண்டம் இயக்கவியல் அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. பால்மரின் சூத்திரம் மட்டும் அப்படியே இருக்கிறது. கோட்பாடு போய் விதி நின்ற கதை இது.

நேர்மாறும் நடக்கும். நியூட்டன் ஈர்ப்பு விசையின் அளவைச் சொன்னாரே தவிர, அது ஏன் இருக்கிறது என்று சொல்ல மறுத்தார். 1846-இல் யுரேனசின் தடுமாற்றத்தைக் கொண்டு லெ வெரியே கணித்துச் சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் நெப்டியூன் கிடைத்தபோது அந்த விதியின் மதிப்பு உச்சத்தில் இருந்தது. அதே லெ வெரியே 1859-இல் புதனின் பாதை, மற்ற கோள்களின் இழுப்பால் விளக்க முடியாத அளவுக்குக் கொஞ்சம் அதிகமாகத் திரும்புகிறது என்று காட்டினார். பின்னர் செம்மையாக்கிய கணக்கில் அது நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி). இந்த முறையும் ஒரு கோள்தான் காரணம் என்று எண்ணி, வல்கன் என்று பெயரும் வைத்துத் தேடினார்கள். அப்படி ஒரு கோள் இல்லை. 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு அந்த 43-ஐ எந்தப் புதுப் பொருளையும் சேர்க்காமல் கொடுத்தது. "விதி" என்ற பெயர் தாங்கியது தோராயமாகிவிட்டது. அதைவிடத் துல்லியமானது இன்றும் "கோட்பாடு" என்றே அழைக்கப்படுகிறது. வழிகாட்டிச் செயற்கைக்கோள்களின் கடிகாரங்களில் நாளுக்குச் சுமார் 38 மைக்ரோவிநாடி திருத்தம் செய்வது இந்தக் கோட்பாட்டின்படிதான்.

பெயரை நம்பி முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதுவே போதும். பெயர்கள் பெரும்பாலும் வைக்கப்பட்ட காலத்தின் வழக்கம். 17, 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் கண்டறிந்தவற்றுக்கு "விதி" என்று பெயர் வைத்தார்கள். 20-ஆம் நூற்றாண்டில் அதே தரத்தில் உள்ளவற்றை "சமன்பாடு" என்றார்கள். குவாண்டம் இயக்கவியலின் அடிப்படையான ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை யாரும் விதி என்பதில்லை. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கன அளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்ற, 1811-இல் கருதுகோளாக வந்த அவகாட்ரோவின் கூற்று இன்று விதி. மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதம் என்னும் ஓமின் விதி எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் விதியே அன்று. 230 வோல்ட்டில் 60 வாட் எரியும் டங்ஸ்டன் இழை பல்பின் மின்தடை எரியும்போது சுமார் 880 ஓம். அணைத்து ஆறவிட்டு மானியால் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவாக இருக்கும். ஆறிய இழையின் மின்தடையை வைத்து மின்னோட்டத்தைக் கணக்கிட்டால், பல்பைப் போட்ட கணத்துக்கு மட்டும் அது சரி.

கோட்பாடு இல்லாத விதி

விளக்கம் இல்லாத ஒழுங்கை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு டிட்டியஸ்-போடே விதியைவிடக் கூர்மையான பாடம் கிடையாது. 1766-இல் டிட்டியஸ் சொல்லி, 1772-இல் போடே பரப்பியது. 0, 3, 6, 12, 24 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றுடனும் 4-ஐக் கூட்டி, 10-ஆல் வகுத்தால் கோள்களின் தொலைவுகள் கிடைக்கும்: 0.4, 0.7, 1.0, 1.6, 2.8, 5.2, 10.0. இவற்றில் 2.8-இல் மட்டும் கோள் இல்லை.

1781-இல் யுரேனஸ் கண்டுபிடிக்கப்பட்டது. விதி சொன்னது 19.6, இருந்தது 19.2. 1801-இல் சீரிஸ் கிடைத்தது, காலியாக இருந்த இடத்திலேயே, 2.77-இல். அதுவரை அறியப்படாத இரண்டு பொருள்கள், இரண்டும் ஏறத்தாழச் சொன்ன இடத்தில். அன்றைய வானியலாளர் ஒருவர் இதை நம்பியிருந்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. 1846-இல் நெப்டியூன் வந்தது. விதி சொன்னது 38.8, இருந்தது 30.1. அதோடு அந்த விதியின் செல்வாக்கு முடிந்தது. அது ஏன் பொருந்தியது என்று யாருக்கும் தெரியாததால், ஏன் பொருந்தாமல் போனது என்றும் சொல்ல முடியவில்லை. வியாழனின் பிசகு கெப்ளரை மேலும் உறுதியாக்கியது. நெப்டியூனின் பிசகு போடேயைக் கவிழ்த்தது. இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு, அடியில் ஒரு கோட்பாடு இருந்ததும் இல்லாததும்தான்.

உயிரியலில் மெண்டலின் விதிகளுக்கு வேறு கதி. 1866-இல் அவர் வெளியிட்ட பட்டாணிக் கணக்கில் உருண்டை விதைகள் 5474, சுருங்கியவை 1850, விகிதம் 2.96-க்கு 1. வெவ்வேறு பண்புகள் ஒன்றையொன்று சாராமல் பிரிந்து வாரிசுகளுக்குப் போகும் என்பது அவருடைய இன்னொரு விதி. 1900-க்குப் பிறகு மற்றவர்கள் செய்த கலப்புகளில் சில பண்புகள் சேர்ந்தே வரத் தொடங்கின. மரபணுக்கள் குரோமோசோம்களில் வரிசையாக அமைந்திருக்கின்றன என்ற கோட்பாடு இதற்கு விளக்கம் தந்தது: ஒரே குரோமோசோமில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை சேர்ந்தே பயணப்படும். விலகலே பிறகு கருவியாகிவிட்டது. இரு பண்புகள் எவ்வளவு அடிக்கடி பிரிகின்றன என்பதை எண்ணி, மரபணுக்களுக்கு இடையிலான தூரத்தைக் குறித்து, 1913-இல் ஸ்டர்டிவன்ட் முதல் மரபணு வரைபடத்தைப் போட்டார்.

பரிணாமக் கோட்பாடு "இன்னும் விதியாகவில்லை" என்பவர்கள் ஹார்டி-வைன்பெர்க் விதியைப் பார்க்க வேண்டும். 1908-இல் வந்தது; மிகச் சுத்தமான கணித விதி. இயற்கைத் தேர்வு இல்லை, மரபணு மாற்றம் இல்லை, வெளியிலிருந்து வரவும் போகவும் இல்லை, கூட்டம் மிகப் பெரியது, இணைசேர்தல் தற்செயலானது என்றால், தலைமுறை தலைமுறையாக மரபணு வடிவங்களின் விகிதம் மாறாது. எந்த நிபந்தனை எவ்வளவு மீறப்பட்டால் விகிதம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக நகரும் என்பதைச் சொல்வது பரிணாமக் கோட்பாட்டின் வேலை. அந்த விதி கோட்பாட்டுக்கு உள்ளே ஓர் உறுப்பு. கோட்பாடு ஒரு நாள் அந்த விதியாக "உயரும்" என்று எதிர்பார்ப்பதில் பொருளே இல்லை. இந்தக் கோட்பாட்டின் முன்கணிப்பு வலு எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்று சொல்லலாம். மீனுக்கும் நாலுகால் விலங்குக்கும் இடைப்பட்ட உயிர் எந்தக் காலப் பாறையில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணித்து, அந்த வயதுப் பாறைகள் வெளியே தெரியும் கனடாவின் வடதுருவப் பகுதியில் தேடி, 2004-இல் டிக்டாலிக் புதைபடிவத்தை எடுத்தார்கள். பாறையின் வயது சுமார் 37.5 கோடி ஆண்டு.

ஆகவே ஒரு விதியைக் கையில் எடுக்கும்போது, அது எந்த நிபந்தனைகளில் அளக்கப்பட்டது, எந்த வீச்சுக்குள், எவ்வளவு துல்லியமாக என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, அதை வருவிக்கும் கோட்பாடு உண்டா, அந்த வருவித்தலில் எதை எளிமையாக்கினார்கள் என்று தேட வேண்டும். எளிமையாக்கிய இடமே விதி உடையும் இடம். எரிதலில் நிறை மாறாது என்ற விதியையும் இப்படிச் சோதிக்கலாம்: 12 கிராம் கார்பன் முழுதும் எரிந்து 393.5 கிலோஜூல் வெளியேறினால், சார்பியலின்படி நிறை சுமார் 4.4 நானோகிராம் குறைய வேண்டும். எந்த வேதியியல் தராசும் இதைக் காட்டாது. ஆகவே வேதியியலுக்கு அந்த விதி போதும். அணுக்கரு வினைகளில் போதாது.

கோட்பாடு இன்னும் கிடைக்காத ஒழுங்குகள் இன்றும் உண்டு. 1981-இல் யோஷியோ கோய்டே, எலக்ட்ரான், அதைவிடக் கனமான அதன் இனத் துகள்களான மியூவான், டௌ ஆகிய மூன்றின் நிறைகளில் ஒன்றைக் கவனித்தார். மூன்று நிறைகளின் கூட்டல்தொகையை, அவற்றின் வர்க்கமூலங்களின் கூட்டல்தொகையின் இருமடியால் வகுத்தால் மூன்றில் இரண்டு வருகிறது. அப்போது டௌவின் அளந்த நிறை சுமார் 1784 மெகா எலக்ட்ரான் வோல்ட். சூத்திரம் கேட்டது 1777. பத்தாண்டுகள் கழித்து மேம்பட்ட கருவிகளால் அளந்தபோது நிறை 1777-க்கு வந்து நின்றது. இன்றைய அளவீடுகளைப் போட்டால் விகிதம் ஐந்து தசம இடங்கள்வரை 0.66666. ஏன் மூன்றில் இரண்டு என்று விளக்கும், எல்லோரும் ஏற்ற கோட்பாடு இல்லை. புரோட்டான், நியூட்ரான் ஆகியவற்றை ஆக்கும் துகள்களான குவார்க்குகளின் நிறைகளுக்கு இதே சூத்திரம் இதே துல்லியத்தில் பொருந்துவதும் இல்லை. பால்மரின் வரிசையில் வைக்க வேண்டியதா, போடேயின் வரிசையில் வைக்க வேண்டியதா என்பதைச் சூத்திரத்தின் துல்லியத்தைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க முடியாது.